விதியா, வசதியின்மையா?



பழவேற்காட்டு ஏரியை அடுத்த ஆரம்பாக்கத்திலே, இதயநோய் கொண்ட மீனவர் ஒருவருக்கு 2020-இல் கொரோனாவும் கண்டிருந்தால்? உயர்சிகிச்சையோ சென்னையில், ஊரடங்கோ தெருவில்! அவர் இறந்திருந்தால், "விதி முடிந்தது" என்றிருப்பர் ஊரார். விதியா அது? வசதியின்மைக்கு வைதீகம் சூட்டிய பெயர்!

அறிவு சும்மா இருக்கவில்லை. மந்திரம் அறியாத மூச்சின் நிலையை, விரலில் மாட்டும் சிறு கருவி அறிந்தது. "இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்து" என்றது வதந்தி. "நிறுத்தாதே" என்றது ஆய்வு. உயிர்வளி தேவைப்பட்டோரின் சாவைக் குறைத்தது டெக்சாமெத்தசோன் எனும் மலிவான மருந்து. 2020 ஜூனில் இங்கிலாந்து ஆய்வு மெய்ப்பித்த உண்மை இது.

ஆனால் படுக்கை ஒன்று, நோயாளிகள் இருவர் என்றால் யாருக்கு அது? பணத்துக்கா, பதவிக்கா? "பழைய இதயநோயாளி, பிழைக்கமாட்டான்" எனப் பார்க்காமலே ஒதுக்குவது அறமா? அன்று! நோயின் பெயரை அல்ல, அவரவர் தேவையையும் பிழைக்கும் வாய்ப்பையும் எடைபோடுவதே நீதி.

அதனினும் பெரிய நீதி, அந்தக் கொடிய கேள்வியே எழாமல் தடுப்பது. படுக்கைக்கான போட்டியில் ஏழை தோற்பது மருத்துவமனை வாசலிலே அல்ல. பல்லாண்டுகள் இரத்த அழுத்தம் பார்க்கப்படாத அவன் குடிசையிலே! 2021 ஆகஸ்டில் தமிழகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வீட்டு வாசலிலே மாத்திரை தந்தது. 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டம், மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்தது.

இவை சலுகை அல்ல, உரிமை! அந்த மாத்திரை கடைசிக் குப்பத்துக்கும் வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். கேட்பதும் மருத்துவமே!