ஈட்டலும் ஈதலும்

ஊருக்கு நூலகம் ஈந்தவரைப் போற்றுதல் நன்றியுடையோர் கடன். அப்பொருள் எவ்வழி வந்தது என வினவுதலும் அறத்தின்பாற்பட்டதே.

அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் கொடையால் உலகெங்கும் 2,500க்கு மேற்பட்ட நூலகங்கள் எழுந்தன. ஊரார் நிலம் தருதல் வேண்டும். கொடைத்தொகையில் பத்திலொரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்குதலும் வேண்டும் என அவர் விதித்தார். பெறுவோரையும் பொறுப்பேற்கச் செய்த நல்விதி அது.

ஆயின், 1892இல் பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் ஆலையில் ஊதியக் குறைப்பை எதிர்த்த தொழிலாளருக்கு எதிராக, அவரது நிறுவனம் ஆயுதந்தாங்கிய தனியார் காவலரைக் கொணர்ந்தது. மோதலில் இருதரப்பிலும் உயிர்கள் மாய்ந்தன. 1898இல் அவ்வாலைத் தொழிலாளருக்கும் நூலகம் திறக்கப்பெற்றது. நாள்தோறும் 12 மணி நேரம் உழைத்துக் களைத்தவன் எப்பொழுது நூலைக் கையிலெடுப்பான்?

அதனால் அக்கொடை வீண் எனலாமோ? ஆகாது. அந்நூலகங்களிற் பயின்று அறிவு பெற்றோர் பல்லாயிரவர். கொடையின் பயனும் மெய். ஈட்டலின் குற்றமும் மெய். ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது.

ஆகவே அன்பர்களே, அறம் ஈயும் நாளில் அன்று, ஈட்டும் நாளிலேயே தொடங்குதல் வேண்டும். நம்மிடம் உழைப்போர்க்கு உரிய கூலியை உரிய காலத்தில் அளித்தல் கடமை. அதன்பின் எஞ்சியதை அளித்தலே கொடை.