கொழுந்தில் தெரியும் பசி

அரியாங்குப்பம் கடைத்தெருவில் வாங்கிவந்த பீட்ரூட்டை நறுக்கும்போது நடுவில் கறுத்துத் தக்கைபோல் இருந்தால், "ஊட்டிச் சரக்கு, வரும் வழியில் அழுகிவிட்டது" என்று தூக்கிப் போடுகிறோம். அழுகலென்றால் கசியும், நாறும். காய்ந்த கறுப்பு வேறு சங்கதி. வயலில் போரான் போதாதபோது அப்படித்தான் ஆகும். சர்க்கரை பீட்டில் இதே கறுப்பைக் கண்டு ஐரோப்பாவில் வெகுகாலம் பூஞ்சாணத்தைத்தான் சந்தேகித்தார்கள். போரான் குறைவே காரணம் என்று பிராண்டன்பர்க் என்ற ஆய்வாளர் எடுத்துக் காட்டியது 1931இல்.

கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் வெட்டிப் பார்க்கும்வரை எதுவும் தெரியாது. இலை முன்கூட்டியே சொல்லிவிடும். தழைச்சத்து குறைந்தால் கீழ் இலை பழுக்கும். தான் பட்டினி கிடந்து பிள்ளைக்குப் போடும் தாயைப்போல, முற்றிய இலை தன்னிடம் உள்ளதைக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். இரும்பும் போரானும் அப்படி நகர்வதில்லை. போய்ச் சேர்ந்த இலையிலேயே தங்கிவிடும். அதனால் கீழே பச்சை, நுனியில் வெளுப்பு. மரவள்ளித் தோட்டத்தில் இப்படிக் கண்டால் யூரியா மூட்டையைத் தூக்கி வருவது வீண் செலவு.

மண்ணில் இல்லாததால்தான் குறைகிறது என்றும் நினைக்க வேண்டாம். செம்மண்ணின் சிவப்பே இரும்பால் வந்தது. ஆனாலும் சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் அது வேருக்கு எட்டாது. மணிச்சத்தை அள்ளிக் கொட்டினால் துத்தநாகம் கிடைக்காது. ஜிங்க் சல்பேட்டை மணிச்சத்து உரமான டிஏபியோடு கலந்து போடாதே என்பது இதனால்தான். மலையில் புளித்த மண்ணைச் சரிசெய்யச் சுண்ணாம்பை அளவுக்கு மீறிப் போட்டால் போரான் மாட்டிக்கொள்ளும். ஆற்றோர மணல் நிலத்திலோ ஐப்பசி மழையே அதை அடித்துக்கொண்டு போய்விடும்.

மரவள்ளிக் கொழுந்து வெளுத்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 50 கிராம் ஜிங்க் சல்பேட் கரைத்து இலையில் தெளிப்பது வழக்கம். போரானுக்காகப் போடும் வெண்காரத்தில்தான் கை நிதானம் வேண்டும். குறைவுக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி சொற்பம். கொஞ்சம் கூடினாலும் பீட்ரூட் தாங்கிக்கொள்ளும். அடுத்த போகத்தில் அதே பாத்தியில் பீன்ஸ் போட்டால், இலையோரம் கருகிவிடும்.