அளவையும் அன்னையும்

'அளவை' என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு வாழ்வு உண்டு. கடைத்தெருவில் அது படியும் கோலும். தருக்க நூலில் அது உண்மையை அறியும் வழி. காண்டல், கருதல், உரை என அவ்வழியை மூன்றாக வகுத்தனர் நம் முன்னோர். கண்ணாற் காண்பது, கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது, நம்பத்தக்கார் சொல்லைக் கொள்வது என்பன அவை. பிள்ளை பெற்ற தாய் தேறிவிட்டாளா என்பதை இன்று மணிக்கட்டில் கட்டிய கருவியைக் கொண்டு அளக்க முற்படுகிறார்கள். அவள் நடந்த அடிகளும் உறங்கிய நேரமும் எண்களாகி நிற்கின்றன. அவ்வெண்கள் அவளைப் பற்றி எதனை அறிவிக்கின்றன?

2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரில், மரைன் ஹில் மேட்டில் வாழும் இரு தாயரை எண்ணிப் பார்ப்போம். இருவரும் மகவீன்று இருபது நாள் ஆகின்றது; இருவர் கையிலும் அத்தகைய கருவி கட்டியிருப்பதாகக் கொள்வோம். இரண்டும் நாலாயிரம் அடி என்றே காட்டுகின்றன. ஒருத்திக்கு ஊரிலிருந்து தாய் வந்திருக்கிறாள். சென்னையிலிருந்து கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். பத்தியச் சோறும் வெந்நீரும் கைக்கு வர, மாலையில் காற்று வாங்க மெல்ல நடந்திருக்கிறாள் இவள். மற்றவளுக்கு எவரும் வரவில்லை. கணவர் வேலைக்குச் சென்றபின் மூத்த பிள்ளையைப் பள்ளியில் விட்டு, தண்ணீர்க் குடத்தோடு சரிவேறியிருக்கிறாள். எண் ஒன்றே. முன்னதைத் தேறுதல் என்போம்; பின்னதற்கு என்ன பெயரிடுவோம்?

நாளொன்றுக்குப் பதினாயிரம் அடி என்று பலரும் ஓதும் கணக்கும் மருத்துவர் ஆய்ந்து கண்டதன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணி ஒன்றின் பெயரே 'பதினாயிரம் அடி அளவி' என்பதாம். கைக்கருவி கையின் அசைவையே பெரிதும் காண்கிறது. குழவியை இரு கையாலும் அணைத்து நடக்கும்போது அடிகள் பலவற்றைத் தவறவிடும். பாலூட்ட அமர்ந்திருக்கும் நேரத்தை ஓய்வென்று எழுதிக்கொள்ளும். முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு நாள்தோறும் 600 கிலோகலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணிப்பு. அத்துணை உழைப்பும் ஓய்வாம்!

கருவியை இகழ்வது நம் கருத்தன்று. அசையாது கிடத்தலும் தீங்கே. பேற்றுக்குப் பின் ஆறு வாரம் நாளங்களில் குருதி உறையும் இடர் மிகுதி. ஆதலால் இயன்றவரை விரைவில் எழுந்து நடக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். நாற்பது நாள் அறையில் இருத்திய பழைய வழக்கத்தைப் போற்றுவோர், அதில் தீட்டும் கலந்திருந்ததை மறந்துவிடுகிறார்கள். நாற்று நடச் சென்ற ஏழைப் பெண்ணுக்கு அந்த நாற்பது நாளும் வாய்த்ததில்லை. உடலோ தன் கணக்கைத் தானே நடத்துகிறது. பேறு முடிந்தவுடன் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள கருப்பை, ஆறு வாரத்தில் 60 கிராம் அளவுக்குச் சுருங்குகிறது. இப்பெரும்பணி பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

காண்டலும் கருதலும் இவ்வாறு குறைபடும் இடத்தில் உரை ஒன்றே எஞ்சுகிறது. சுவீடன் நாட்டு உளவியலார் குன்னார் போர்க் 6 முதல் 20 வரை எண்ணிட்டு ஓர் அளவுகோல் அமைத்தார். உழைப்பு எவ்வளவு கடினமாயிருந்தது என்று உழைத்தவரையே கேட்பதுதான் அது. 1987இல் வெளிவந்த, எடின்பரோவின் பெயர் தாங்கிய பத்து வினாக்களும் பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வைத் தாயின் விடையாலேயே அறிய முயல்கின்றன. தன் உடலைப் பற்றிச் சொல்ல அவளினும் நம்பத்தக்கார் யார்?

ஆனால் நம் வீட்டுப் பெண்ணோ, கேட்டால் "எனக்கொன்றுமில்லை" என்பாள். பிறந்த வீடு கடலுக்கு அப்பால், கணவருக்கோ விடுப்பில்லை. உண்மை உரைத்தும் பயனில்லை என்று அறிந்தவளின் சொல்லை உரையளவையாகக் கொள்வது நேர்மையாகுமா? வள்ளுவர் குறிப்பறிதல் என்னும் பெயரில் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் இன்பத்துப்பாலில் ஓர் அதிகாரமும் வைத்தார். அரசவையோர்க்கும் காதலர்க்கும் வேண்டிய அவ்வறிவு பேற்று வீட்டாருக்கு வேண்டாமா?

சட்டமும் ஓர் அளவைதான். மகப்பேற்றுக்குப் பின் ஆறு வாரம் வேலை வாங்கலாகாது என்றது 1961ஆம் ஆண்டுச் சட்டம். 2017இன் திருத்தம் ஊதிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது; ஆயினும் முன்பே இரு பிள்ளைகள் உள்ளவளுக்குப் பழைய 12 வாரத்தையே வைத்தது. மூன்றாம் பேற்றில் உடல் விரைந்து தேறும் என்று எந்த மருத்துவம் சொன்னது? அங்கே அளக்கப்பட்டது தாயின் உடலன்று என்றே கருத வேண்டியிருக்கிறது. அவ்விடுப்பும் வேலைக்குச் செல்பவளுக்குத்தான். வீட்டு வேலைக்கு விடுப்பெழுதித் தரும் சட்டம் ஏது? சரிவில் குடத்தோடு ஏறுபவளை எவ்வளவு கடினம் என்று கேட்கப் பக்கத்து வீட்டார் போதும். குடத்தை வாங்கிக்கொண்டு கேட்டால், அவள் சொல்லும் விடை உண்மையாக இருக்கவும் கூடும்.