சும்மா கிடக்கிற நிலம்

"மாடு எதுனா காணாமப் பூட்ச்சா தம்பி?"

தோளில் கடப்பாரையும் கையில் சாக்குப் பையுமாக எதிரே நின்றார் அந்த ஆயா. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற பேருந்தில் வல்லத்தில் இறங்கி, குடைவரைக் கோயிலைப் பார்த்துவிட்டு, குன்றைச் சுற்றிப் புதருக்குள் போகிற ஆட்டுத் தடத்தில் நடந்துகொண்டிருந்தேன். மாசி மாதம்தான். ஆனால் காலை எட்டு மணிக்கே பிடரி சுட்டது.

"இல்ல ஆயா. சும்மா நடக்கலாம்னு வந்தேன்."

"சும்மாவா?" என்று என் செருப்பைப் பார்த்தார். காட்டுக்குள் விறகுக்கு வரலாம், ஆட்டைத் தேடி வரலாம், எலி வளை தோண்ட வரலாம். சும்மா வருகிறவனை என்ன கணக்கில் வைப்பது?

எனக்கு அந்தச் சொல் வேறு விதமாக உறுத்தியது. அப்பா விட்டுப்போன அறுபது சென்ட் புதர்க்காடு எனக்கும் இருந்தது. வீட்டில் அதற்கு ஒரே பெயர்தான்: 'சும்மா கிடக்கிற நிலம்'. சர்க்கார் பாஷையும் இதையேதான் சொல்கிறது, கொஞ்சம் விறைப்பாக. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, கல்லாங்குத்து, மேய்க்கால். நெல் விளைந்து வரி வந்தால் நிலம், வராவிட்டால் தரிசு. மனிதரையும் நாம் ஏறக்குறைய இப்படித்தான் பதிவேட்டில் ஏற்றுகிறோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே எனக்கு அது புரிந்துவிட்டது.

வல்லத்துக் கோயிலை மகேந்திரவர்மன் காலத்தில் கந்தசேனன் என்பவன் குடைவித்தான் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டு. அவனுடைய உளி விழுவதற்கு முன்பே இந்த மண்ணில் வேர் பிடித்த காட்டு வகை இது. கோரமண்டல் கரையோரம் துண்டு துண்டாக எஞ்சியிருக்கிற வறண்ட பசுமைமாறாக் காடு. வீரை, உலக்கைப்பாலை, காரை, களா, சூரை. பெரும்பாலும் தென்னை உயரம்கூட வராத மரங்கள், தோல் போலத் தடித்த சின்ன இலைகள், சித்திரை வெயிலிலும் உதிராத பச்சை. எட்டி நின்று பார்த்தால் முள்ளும் புதரும்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்கள் 'ஆஹா, காடு' என்று சொல்வது மாமல்லபுரத்துப் பக்கத்துச் சவுக்குத் தோப்பைப் பார்த்து. அது ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டி 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையில் பரப்பிய மரம். நான்கைந்து வருடத்தில் வெட்டிவிடுவார்கள். உயரமாக, வரிசையாக நின்றால் நமக்குக் காடு. குள்ளமாக, இஷ்டப்படி வளர்ந்தால் தரிசு.

ஆயா இருளர். வருகிற பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போக வேண்டும், பேத்தியின் கல்யாணம் அங்கேதான் என்றார். மாசி மகத்தன்று இருளர் குடும்பங்கள் அந்த மணலில் கூடிக் கன்னியம்மனைக் கும்பிடுவது வழக்கம். பாம்புத் தோல் வியாபாரம் சட்டப்படி நின்றுபோன பிறகு, 1978இல் அவர்களுக்கென்று ஒரு பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. வடநெம்மேலியில் இன்றும் மருந்துக்காக நஞ்சு எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இந்த மாவட்டத்து மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் பத்மஸ்ரீ வந்தது. அந்தப் படிப்புக்குப் பள்ளிக்கூடம் நம் பதிவேட்டுத் தரிசுதான்.

விட்டுவைப்பது என்றால் துறவு என்று நினைத்துவிட வேண்டாம். வேடந்தாங்கல்காரர்கள் பறவைகளைச் சுடக் கூடாதென்று 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கியதில் கணக்கும் இருந்தது: எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். இருக்கட்டுமே. கணக்குப் போடவாவது அவர்கள் ஏரியை உற்றுப் பார்த்திருந்தார்கள்.

நான் பார்க்கவில்லை. தரகர் சொன்னபடி ஜேசிபி வைத்து அரை நாளில் அறுபது சென்டையும் வழித்தெடுத்தேன். விலை படியவில்லை. அடுத்த மழைக்கு அங்கே முளைத்தது வேலிகாத்தான், வேலிகாத்தான் மட்டும்.

தடம் ஒரு வீரை மரத்தடியில் திரும்பியது. அடியில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள். ஆயா செருப்பில்லாத காலோடு சற்று நின்றுவிட்டு, பக்கத்துப் புதரின் ஒரு கிளையை விலக்கிக் காட்டினார். இலைக் கணுக்களில், குச்சியை ஒட்டியே, கொத்துக் கொத்தாக நீலம். ஒவ்வொரு பூவும் மிளகளவு. நீலத்துக்குள் ஊதா, விளிம்பில் மயில் கழுத்தின் மினுக்கம்.

"காசாம்பூ," என்றார்.

காயா! காயாம்பூவண்ணன் என்று பெருமாளை நினைவு தெரிந்த நாளாகக் கும்பிட்டிருக்கிறேன். அந்த வண்ணம் எதுவென்று ஒரு நாளும் கேட்டதில்லை. இலையைத் தடவிப் பார்த்தேன். தடிப்பான, பளபளப்பான, பழகிய இலை. எங்கள் நிலத்து ஈசானிய மூலையில், அப்பா சைக்கிளைச் சாய்த்து வைக்கிற புதரின் இலை.

"உங்க நெலத்துல கீதா?"

"இருந்துச்சு ஆயா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கிளையை மெல்ல விட்டார். நாலடி தள்ளி வளையின் வாயில் கடப்பாரையை ஊன்றித் தோண்ட ஆரம்பித்தார்.