கரை யாருடையது

கொழும்பு வெள்ளவத்தையில் ஆகஸ்ட் பிறந்தால் வீடுகள் நிறைந்துவிடும். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் உறவுகள் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் வழியில் இங்கே தங்குவார்கள். யாழ்ப்பாண பஸ்சுக்காகக் காலி வீதியில் பெட்டிகளோடு நிற்கும்போது, ஊரில் எங்கே தங்குவது, எங்கே கடல் பார்த்துச் சாப்பிடுவது என்றுதான் பேச்சு. காங்கேசன்துறையில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதியின் பெயர் அதில் வந்துவிடும். கடல் கண்ணுக்கு முன்னால், சாப்பாடும் நல்லம் என்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடலில் மீன்பிடித்து வாழ்ந்த சனத்தின் கதை தெரியாமல் அங்கே போய் உட்காருவது எனக்குச் சரியாகப்படவில்லை.

அங்கிருந்து சில கிலோமீற்றர் கிழக்கே மயிலிட்டி. போருக்கு முன் இலங்கையின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று அது. போரால் 1990 ஜூனில் சனம் உடுத்த உடுப்போடு வெளியேறியது. அந்த ஊரும் அடங்கிய வலிகாமம் வடக்கு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமானது. போனவர்களில் பலர் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் நலன்புரி முகாம்களில் ஒதுங்கினார்கள். ஓலைக் கொட்டில் தகரக் கொட்டிலானது. அங்கே பிறந்த பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் கட்டி, அவர்களுக்கும் அங்கேயே பிள்ளைகள் பிறந்தன. கடல் தெரிந்தவர்கள் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள், அல்லது வேறு ஊர்க் கரையில் இடம் கேட்டு வள்ளத்தை இழுத்து வைத்தார்கள். எந்தப் பாரில் எந்த மாதம் என்ன மீன் கிடக்கும் என்பதைத் தகப்பனோடு வள்ளத்தில் போய்த்தான் பிள்ளை பழகவேண்டும். முகாமில் வளர்ந்தவனுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. வீடு இடிந்தது கணக்கில் வரும். இந்த இழப்பு எந்த நட்டஈட்டுப் படிவத்திலும் வராது.

போர் 2009இல் முடிந்தது. விடுதி விருந்தினருக்குத் திறந்தது. மயிலிட்டிக் கரை திறக்கவில்லை. தெற்கிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்கள் கடற்காற்றில் இருந்து மீன் சாப்பிட்ட அந்த ஆண்டுகளில், அதே கடலின் மீனவருக்குத் தன் துறையில் கால் வைக்க அனுமதி இல்லை. ரயில்கூட 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

விருந்தினரின் மேசையும் மீனவரின் கரையும் ஒன்றாக இருக்கமுடியாதா? கரீபியன் கடலில், சென் மார்ட்டின் தீவில், கிராண்ட் காஸ் என்றொரு கரையோரக் கிராமம் உண்டு. நல்ல சாப்பாட்டுக்கென்றே உலகம் தேடிப் போகும் ஊர். பிரெஞ்சு உணவகங்கள் வரிசையாக நிற்கும் அதே தெருவில், ‘லோலோ’ என்று சொல்லும் கொட்டில்களில் ஊர்ச்சனம் மீனையும் சிங்கிறாலையும் கரியடுப்பில் வாட்டி விற்கிறது. அங்கேயும் பணக்காரர் மேசை உண்டு, ஏழையின் அடுப்பும் உண்டு. இரண்டும் ஒரே கரையில். 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா சூறாவளி அந்தத் தீவைச் சிதைத்தது. பிறகு கடைகள் மீண்டும் திறந்தன. புயல் ஒரு நாளில் கடந்துபோனது. மயிலிட்டியைச் சுற்றிய முட்கம்பி இருபத்தேழு ஆண்டுகள் நின்றது.

அந்த 2017இலேயே, ஜூலை 3 அன்று, மயிலிட்டித் துறைமுகத்தையும் 54 ஏக்கர் நிலத்தையும் விடுவித்தார்கள். அதே மாதம் இழுவைமடித் தொழிலை நாடாளுமன்றம் சட்டத்தால் தடைசெய்தது. இரண்டும் வடபகுதி மீனவர் நெடுநாள் கேட்டவை. 2019இல் துறைமுகத்தின் புனரமைப்பில் ஒரு கட்டமும் நிறைவேறியது. ஆனால் இந்திய இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வருவது நிற்கவில்லை. வலைகள் அறுபடுகின்றன, கடலடி வழித்தெடுக்கப்படுகிறது. கடற்படை பிடிக்கும் படகுகளில் பலவற்றைக் கொண்டுவந்து கட்டுவது மயிலிட்டித் துறையில்; திரும்பி வந்தவர்களின் படகுக்கு அதனாலும் இடம் குறைகிறது. அந்த இழுவைப் படகுகளில் வருபவர்களும் தமிழர்கள், பெரும்பாலும் முதலாளியின் படகில் கூலிக்கு வருபவர்கள் என்பதால் இந்தத் துயரம் இன்னும் சிக்கலானது. வலிகாமம் வடக்கில் விடுவிக்காத காணிகளும் இருக்கின்றன, அவற்றின் உறுதியை வைத்துக்கொண்டு காத்திருக்கும் முதியவர்களும் இருக்கிறார்கள்.

இந்த முறை புறப்பட்ட தங்கச்சி குடும்பத்திடம் சொன்னேன்: “காங்கேசன்துறையோட திரும்பாதேங்கோ. விடியப்புறம் மயிலிட்டிக்குப் போங்கோ, வள்ளம் கரைக்கு வரும். மீனை அவையிட்டையே வாங்குங்கோ. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. தொண்ணூறில எங்க போனீங்கள் எண்டு அவையளைக் கேக்கட்டும்.”