நூறு வயதும் குழித்தறியும்

மனிதனுக்கு ஆயுள் நூறு என்பது வேதத்தின் கணக்கு. தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் அந்த நூறிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிக்கிறார். பாதி உறக்கத்தில் போய்விடுகிறது. மிச்சத்தைக் குழந்தைப் பருவமும் பிணியும் பசியும் மூப்பும் பங்கு போட்டுக்கொள்கின்றன. விவிலியத்தின் 90ஆம் சங்கீதம் இன்னும் கறார்: எழுபது, வலு இருந்தால் எண்பது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 அளவில்தான் இருந்தது. பிஞ்சிலேயே போன உயிர்கள் அத்தனை. இன்று அது எழுபதை ஒட்டி நிற்கிறது.

என் மனம் நிற்பது ஈசாவாசிய உபநிடதத்தின் இரண்டாம் மந்திரத்தில். நூறாண்டு வாழ ஆசைப்படு, ஆனால் உன் வேலையைச் செய்துகொண்டே ஆசைப்படு என்பது அதன் கருத்து. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தறியின் குழிக்குள் காலை இறக்கி மிதி மிதித்து, இழை இழையாகக் கண் பதித்துச் சேலையின் கரையையும் உடலையும் கோர்வையில் இணைக்கிறார்கள். எண்பது வருவதற்கு வெகுமுன்பே கண்ணும் இடுப்பும் முழங்காலும் தளர்ந்துவிடுகின்றன. யமனின் கணக்கரான சித்திரகுப்தருக்குத் தனிக்கோயில் கொண்ட ஊர் இது. அவர் ஏட்டில் இவர்களுக்கு எத்தனை ஆண்டு என்பது நம் கையில் இல்லை. இருக்கிற ஆண்டுகளில் பார்வையும் முதுமைக்கு ஒரு வருமானமும் நிலைப்பது நம் கையில் இருக்கிறது. முகூர்த்தப் பட்டெடுக்கக் காஞ்சி வருகிறவர்களே, நெய்த கைக்கு உரிய கூலியில் பேரம் பேசாதீர்கள்.