மௌனமும் மணியோசையும்

கடவுளை மறுத்த சோவியத் ராஜ்யத்தில், அரசாங்கத்தின் பொருளைக் கொண்டே, தேவாலயங்களுக்குத் திருவுருவங்கள் தீட்டிய ஒரு துறவியின் கதையை ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கி 1966-இல் படமாக்கி முடித்தார் என்பதும், ‘ஆந்திரேய் ரூப்ளெவ்’ என்னும் அப்படம் அதிகாரிகளின் அதிருப்திக்கு ஆளாகி 1971 வரை அந்நாட்டு மக்களின் பார்வைக்கு வராமலே முடங்கிக் கிடந்தது என்பதும் சினிமாவின் சரித்திரம் அறிந்தவர்களுக்குத் தெரிந்த விஷயங்கள். ஞானி ஏன் பேசாதிருக்கிறான், எது அவனைப் பேச வைக்கிறது என்று அப்படம் எழுப்பும் வினா, தாமிரபரணிக் கரையில், ஆழ்வார்திருநகரி உறங்காப்புளியின் அடியில், பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுந்த வினாவாகும்.

பிறந்தது முதல் பதினாறு ஆண்டுகள் வாய் திறவாதிருந்த நம்மாழ்வாரை, வடதிசையிலிருந்து ஒரு ஜோதியைப் பின்பற்றி வந்த முதியவரான மதுரகவிகள் ஒரு கேள்வி கேட்டுப் பேச வைத்தார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. படத்தில் வரும் துறவி ரூப்ளெவோ, 1408-இல் விளாதிமிர் நகரம் சூறையாடப்பட்டபோது, பேதைப் பெண்ணொருத்தியைக் காக்க ஒருவனைக் கோடரியால் வெட்டிக் கொன்றுவிட்டு, அந்தப் பாவத்தின் பாரம் தாங்காமல், தூரிகையையும் பேச்சையும் ஒருங்கே துறந்து ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளைக் கழிக்கிறார். தாயுமானவரின் மௌனகுருவைப் போற்றிப் பழகிய நாம் எல்லா மௌனத்தையும் ஞானமென்றே கொள்ள விழைகிறோம், அது சரியன்று. குருகூர்ப் பிள்ளையான நம்மாழ்வாரின் மௌனம் பகவதனுபவத்தின் பூரணத்தில் பிறந்தது. ரூப்ளெவின் மௌனம் மனிதர்மீது நம்பிக்கை இழந்ததில் பிறந்தது. ஆண்டவன் அளித்த வரத்தைப் பயன்படுத்தாமல் விடுவது மகாபாவம் என்று சக துறவி ஒருவர் கடிந்து சொல்லியும் அவர் அசைவதில்லை.

அவரை அசைப்பவன் போரிஸ்கா என்னும் சிறுவன். மணி வார்க்கும் ரகசியத்தைத் தந்தை இறக்கும்போது தன்னிடம் சொன்னதாகக் கூறி அரச கட்டளையை ஏற்றுக்கொண்ட அவன், கொண்டுவந்த மண்ணையெல்லாம் உதறித் தள்ளி அலைகிறான். ஒருநாள் கொட்டும் மழையில் சரிவில் வழுக்கி உருண்டு, தேடிய களிமண்ணின்மேலேயே விழுந்து, சேற்றோடு சேறாகக் கிடந்து ஆனந்தக் கூச்சலிடுகிறான். விரலால் பிசைந்தே மண்ணின் பதம் சொல்லும் காருகுறிச்சி வேளாருக்கு அந்தக் கூச்சலின் பொருளை விளக்கவேண்டியதில்லை. மணி ஒலித்தபின், தந்தை எதையும் சொல்லாமலே போய்விட்டார் என்று தரையில் விழுந்து கதறும் அவனைத் துறவி மடியில் தாங்கி, நீ மணி வார்ப்பாய், நான் சித்திரம் தீட்டுவேன், இருவரும் சேர்ந்தே போவோம் என்று தம் மௌனத்தைக் கலைக்கிறார்.

ரகசியம் அறியாதவன் வார்த்த மணியை உண்மையில் வார்த்தது யார்? தம் வாயைக் கருவியாகக் கொண்டு இறைவனே தன்னைப் பாடிக்கொண்டான் என்று திருவாய்மொழியில் ஆழ்வார் அறுதியிட்டுச் சொல்கிறார். தார்க்கோவ்ஸ்கி விடை சொல்லாமல் விடுகிறார். ஆனால் முதியவரின் கேள்வியாலோ சிறுவனின் கண்ணீராலோ, பிறிதோர் உயிரின் தேவை வந்து தொடும்போதுதான் மௌனம் கலையத் தகுதி பெறுகிறது என்பதில் இரு கதைகளும் ஒன்றுபடுகின்றன என்றே நான் கருதுகிறேன்.

புதுமைப்பித்தன் கதையின் பெயரைத் தாங்கிய ‘காஞ்சனை’ திரைப்பட இயக்கத்தின் வாயிலாக உலகப் படங்களைக் கண்டு பழகிய ஊர் திருநெல்வேலி. பாளையங்கோட்டைக் கல்லூரிகள் இப்படத்தைத் திரையிட்டு, திருவாய்மொழியில் தோய்ந்த பெரியவர் ஒருவரையும் அன்று அழைத்து மாணவர்களிடையே பேசச் செய்யவேண்டுமென்று மனமார வேண்டிக்கொள்கிறேன்.